படத்திலிருந்து எடுத்த பனி உயரமும் லேசர் உயரமும் 70 மீட்டர் முரண்படுமா? (ரெமா / ஐஸ்சாட்-2 / ஆமெரி)

#1 கோடைமழை

வணக்கம். தொலையுணர்வில் முதுகலை கடைசி ஆண்டு. அண்டார்டிகாவின் ஆமெரி பனித்தட்டை ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். லாம்பர்ட் பனியாறு தரையை விட்டுக் கடலில் மிதக்கத் தொடங்கும் இடம் அது. அதன் முகப்பு பிரிட்ஸ் விரிகுடாவில் முடிகிறது. நம் பாரதி நிலையம் இருப்பதும் அந்த விரிகுடாக் கரையில்தான்.

செய்தது இவ்வளவுதான். செயற்கைக்கோள் படங்களிலிருந்து உருவாக்கிய ரெமா உயர மாதிரியை இறக்கினேன். அதே இடங்களில் விழுந்த ஐஸ்சாட்-2 கோளின் லேசர் புள்ளிகளை எடுத்தேன், ஏடிஎல்06 என்ற பனி உயரக் கோப்பு. லேசர் உயரத்திலிருந்து ரெமா உயரத்தைக் கழித்தேன். பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் ஒரு மீட்டர் பக்கம் அடங்கிவிடுகிறது. அடங்காத இடங்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

மிதக்கும் பகுதியில் ஒரு சுற்றில் லேசர் மேலே நிற்கிறது, அடுத்த சுற்றில் கீழே இறங்கிவிடுகிறது. இது ஒரு மீட்டர் அளவு விவகாரம். வேறு சில இடங்களில் ரெமாவே ஊசி ஊசியாக 100, 200 மீட்டர் எழும்பி நிற்கிறது. எல்லாவற்றையும் விட வினோதம் ஆமெரியின் தெற்குப் பக்கம் ஒரு தடத்தில். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த லேசர் கோடு திடீரென்று கிண்ணம் மாதிரி இறங்குகிறது. நடுவில் ரெமாவை விட 70 மீட்டருக்கும் கீழே. கிண்ணத்துக்கு வெளியே அதே கோடு ரெமாவை விடப் பல மீட்டர் மேலே.

வழிகாட்டி "10 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்த புள்ளியை எல்லாம் தூக்கிப் போடு, வேலை முடிந்தது" என்கிறார். மனசு கேட்கவில்லை. இது ரெமாவின் பிழையா, லேசரின் பிழையா?

#2 மட்டக்கோல்

தம்பி, முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இரண்டும் எலிப்சாய்டு உயரமா (பூமிக்குக் கணக்கில் வைத்த வழுவழுப்பான வடிவத்திலிருந்து அளந்தது), இல்லை ஒன்று ஜியாய்டு உயரமா (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பிலிருந்து அளந்தது)?

#3 கோடைமழை

இரண்டும் டபிள்யூஜிஎஸ்84 எலிப்சாய்டு சார். விவரக் கோப்பில் பார்த்துவிட்டேன்.

#4 மட்டக்கோல்

நல்லது. கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் சர்வே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் முழிப்பது இதில்தான். மெரினா மணலில் ஜிபிஎஸ் கருவியை வைத்து, மாற்றாத உயரத்தைப் பாருங்கள். கழித்தல் 80க்கும் கீழே காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. உலகத்திலேயே ஜியாய்டு மிகத் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. எலிப்சாய்டுக்குக் கீழே ஏறத்தாழ 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம்.

ஆனால் உங்கள் சிக்கல் அது இல்லை. அந்தத் தப்பு நடந்திருந்தால் படம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவு தள்ளியிருக்கும். கிண்ணம் விழாது.

#5 கறுப்புக்கண்ணாடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். கட்டடம், மலை என்றால் இரண்டு படத்தை ஒப்பிட்டு உயரம் எடுக்கலாம், சரி. அண்டார்டிகாவில் என்ன இருக்கிறது? வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை. இந்தப் படத்தில் இருக்கும் புள்ளி அந்தப் படத்தில் எங்கே என்று கணினி எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? லேசர் செ.மீ. கணக்கில் அளக்கிறது என்கிறார்கள். அப்புறம் எதற்குப் படம்? ரெமாவைத் தூக்கிப் போட்டுவிட்டு லேசரை நம்பச் சொல்வேன்.

#6 இருகண்

ஸ்டீரியோ படங்களோடு, அதாவது ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த ஜோடிப் படங்களோடு, பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பழைய செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை உங்கள் சந்தேகம் முழுக்க நியாயம். பிரகாசத்தை 256 படிகளில் பதிவு செய்யும் கருவியில் வெயில் பட்ட பனி எல்லாம் உச்சியில் முட்டி ஒரே வெள்ளையாகிவிடும். வேர்ல்டுவியூ வகைக் கோள்கள் 2,048 படிகளில் பதிவு செய்கின்றன, பிக்சல் அரை மீட்டர் அளவு. அந்த நுணுக்கத்தில் பார்த்தால் பனி வெறும் வெள்ளை இல்லை. காற்று அறுத்த வரப்புகள், சஸ்த்ருகி என்பார்கள், சில பத்து செ.மீ. உயரத்தில் தரை முழுக்க ஓடுகின்றன. துருவத்தில் சூரியன் எப்போதும் சாய்ந்தே நிற்பது இதற்கு வசதி. வெள்ளையடித்த சுவரில் நடுப்பகலில் ஒன்றும் தெரியாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பூச்சுவேலையின் மேடு பள்ளம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அதேதான் இங்கேயும். புதுப்பனி கொட்டி வரப்புகள் மூடிய நாளில் எடுத்த படம் என்றால் பொருத்தம் தோற்கும், அங்கே ஓட்டை விழும். அதனால்தான் ஒரே இடத்தைப் பல நாட்களில் எடுத்த ஜோடிகளை அடுக்குகிறார்கள்.

சாய்ந்த வெயிலை வேறு விதமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜோடிப் படமே வேண்டாம். ஒரே படத்தில் சூரியனைப் பார்த்த சரிவு வெளுத்தும் எதிர்ச்சரிவு மங்கியும் இருக்குமே, அந்த நிழலாட்டத்திலிருந்து சரிவைக் கணக்கிட்டு, சரிவைக் கூட்டிக் கூட்டி உயரம் எடுப்பது. ஸ்காம்போஸ், ஹாரன் இருவரும் 2002இல் கிரீன்லாந்து முழுமைக்கும் அப்படி ஒரு மாதிரி வெளியிட்டார்கள். அன்றைக்குக் கையில் இருந்த ரேடார் உயரப் புள்ளிகளை அடித்தளமாக வைத்து, இடையில் விட்டுப்போன நெளிவுகளை வானிலைக் கோளின் படங்களிலிருந்து நிரப்பினார்கள். ஒரு கிலோமீட்டர் பிக்சல் படத்திலிருந்து எடுத்த வேலை அது. இன்றைக்கும் எனக்குப் பிடித்தது.

ரெமாவுக்கு வருவோம். வேர்ல்டுவியூ கோள் தெற்கே போகும்போது முன்னே சாய்ந்து ஒரு படம், ஒரு நிமிடம் சொச்சம் கழித்து அதே இடத்தைத் திரும்பிப் பார்த்து இன்னொரு படம். இரண்டிலும் ஒரு வரப்பு எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதுதான் உயரம். பார்வை இடைவெளி, கோளின் உயரத்தில் பாதி என்று வையுங்கள். அரை மீட்டர் பிக்சலில் ஒரு பிக்சல் தவறாகப் பொருத்தினால் ஒரு மீட்டர் உயரப்பிழை. ஐந்தில் ஒரு பிக்சல் வரை பொருத்தினால் 20 செ.மீ. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதிய செட்எஸ்எம் மென்பொருள் இதைத்தான் கோடிக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்கிறது. 2018இல் ரெமாவின் முதல் பதிப்பு வந்தபோது 1,87,585 படங்களை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புளூ வாட்டர்ஸ் சூப்பர் கணினியில் ஓட்டியிருந்தார்கள். 8 மீட்டர் மாதிரி அது. இரண்டாம் பதிப்பு 2 மீட்டர்.

"லேசர் போதுமே" என்பதற்குப் பதில்: ஐஸ்சாட்-2 வினாடிக்கு 10,000 துடிப்பு அனுப்புகிறது, தடத்தின் நீளவாக்கில் 70 செ.மீ.க்கு ஒன்று. பிரமாதம். ஆனால் அது கோடு, பரப்பு இல்லை. ஆறு கதிர்கள் மூன்று ஜோடியாகப் போகின்றன, ஜோடிக்கு ஜோடி 3.3 கி.மீ. இடையில் இருக்கும் பிளவையும் ஓடையையும் லேசர் பார்க்கவே பார்க்காது.

"படம் போதுமே" என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். படத்துக்கு வடிவம் தெரியும், மட்டம் தெரியாது. கோள் எந்தக் கோணத்தில் திரும்பி நின்றது என்பதில் துளி பிசகினாலும் ஒரு ஜோடியிலிருந்து எடுத்த உயரப் பட்டை முழுக்க சில மீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். ஒவ்வொரு பட்டையையும் கிரையோசாட்-2 கோளின் ரேடார், பழைய ஐஸ்சாட் கோளின் லேசர் புள்ளிகளில் இறுக்கிக் கட்டித்தான் ரெமாவை நிறுத்தியிருக்கிறார்கள்.

#7 கறுப்புக்கண்ணாடி

வரப்பு விஷயம் தெரியாது, நன்றி. அப்படியும் ஒன்று இடிக்கிறது. மேகமும் வெள்ளை. ஆறு மாதம் இருட்டு வேறு. ரேடாருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லையே. டான்டெம்-எக்ஸ் ரேடார் கோள் முழு உலகத்துக்கும் 12 மீட்டரில் உயர மாதிரி செய்துவிட்டதே?

#8 ஒஸ்லோக்காரன்

ரேடார் பற்றி நான் சொல்லுறன், கிரீன்லாந்துத் தரவோட கொஞ்சக் காலம் மாரடிச்சனான்.

ரேடாருக்கு மேகம் இல்லை, இருட்டு இல்லை, உண்மைதான். ஆனால் ரேடாருக்குப் பனியின்ர மேல்தோலும் இல்லை! காய்ந்த குளிர்ப்பனிக்குள்ள அலை சில மீட்டர் இறங்கித்தான் திரும்புது. டான்டெம்-எக்ஸ் உள்நிலத்தில காட்டுற மேற்பரப்பு, உண்மையான மேற்பரப்புக்குக் கீழ. எவ்வளவு கீழ எண்டது பனியின்ர ஈரத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது, அது பருவத்துக்குப் பருவம் மாறும்.

2012 ஜூலையில கிரீன்லாந்தின்ர மேற்பரப்பில 97 சதவீதம் ஒரே நேரத்தில உருகினது ஞாபகம் இருக்கும். உச்சிமேடு கூடத் தப்பேல்ல. உருகின தண்ணி பிறகு உறைஞ்சு மேல ஒரு கண்ணாடித் தட்டு மாதிரி நிண்டது. அதுவரைக்கும் உள்ளுக்குப் போய்த் திரும்பின கிரையோசாட்-2 அலை, அந்தத் தட்டில பட்டு மேலயே திரும்பத் தொடங்கிச்சுது. தரவில பாத்தால் உள்நிலம் அரை மீட்டருக்கு மேல உயர்ந்த மாதிரி. ஒரு பிடி பனிகூட அங்க சேரேல்ல.

சரிவுச் சிக்கல் இன்னொண்டு. கோள் 800 கி.மீ. உயரத்தில, கீழ அரைப் பாகை சரிவு எண்டு வையுங்கோ. நேர கீழ இருக்கிற புள்ளிக்கு முதல், மேட்டுப் பக்கம் 7 கி.மீ. தள்ளியிருக்கிற புள்ளிதான் எதிரொலி தரும். திருத்தாமல் விட்டால் 30 மீட்டர் பிழை. கிரையோசாட்-2 விளிம்புப் பகுதிகளில ரெண்டு அன்ரெனாவால கேட்டு எதிரொலி எந்தப் பக்கத்தால வருது எண்டு பிடிக்கும். அதுக்கு முந்தின கோள்களுக்கு அந்த வசதி இல்லை.

அலை குறுகினால் உள்ள இறங்குறதும் குறையும். 2013 பெப்ரவரியில ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து போன சரல் கோளில பிரான்ஸ்காரர் வைச்ச ஆல்டிகா ரேடார், 35.75 கிகாஹேர்ட்ஸ், இந்த விசயத்தில நல்லம். குறை என்னெண்டால் 81.5 பாகைக்கு அப்பால அது போகாது.

#9 மட்டக்கோல்

நம் கார்ட்டோசாட்-1ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005இல் போனது, முன்னே 26 பாகை, பின்னே 5 பாகை சாய்ந்த இரண்டு கேமரா, 2.5 மீட்டர் பிக்சல். ஸ்டீரியோவுக்கென்றே செய்த கோள். பாறை தெரியும் இடங்களில் நன்றாக வேலை செய்யும். உள்நிலத்து வெறும்பனியில் மேலே இருகண் சொன்ன வரப்பைப் பிடிக்க அந்தப் பிக்சல் போதாது.

#10 இருகண்

கோடைமழை, மற்றவர்கள் அடிப்படையைப் பேசட்டும். உங்கள் கிண்ணத்துக்கு வருகிறேன். தயவுசெய்து அந்தப் புள்ளிகளைத் தூக்கிப் போட வேண்டாம்!

2019 குளிர்காலத்தில், ஜூன் வாக்கில், ஆமெரியின் தெற்குப் பகுதியில் பனிமூடிய ஏரி ஒன்று சில நாட்களில் அடியோடு வடிந்தது. மேலே பனி மூடி, அதன் கீழே உருகுநீர், அதற்கும் கீழே ஏறத்தாழ 1,400 மீட்டர் தடிமனுக்குப் பனித்தட்டு, அதன் அடியில் கடல். நீரின் பாரத்தில் பிளவு அடிவரை கிழிந்து, 60 கோடி முதல் 75 கோடி கன மீட்டர் நீர் கடலுக்குப் போனதாகக் கணக்கிட்டார்கள். தாங்க நீர் இல்லாத பனிமூடி இடிந்து விழுந்தது. சுமார் 11 சதுர கி.மீ. பள்ளம். சில இடங்களில் 80 மீட்டர் வரை இறக்கம்.

உங்கள் விளிம்பில் லேசர் மேலே நிற்கிறது என்றீர்களே, அதுவும் பிழை இல்லை. மிதக்கும் தட்டின் மேலிருந்து அவ்வளவு பாரம் இறங்கினால் தட்டு மேலே எழும்பத்தானே செய்யும்? அந்தப் பகுதி அதிகபட்சம் 36 மீட்டர் வரை உயர்ந்தது. இதை அளந்ததே நீங்கள் பிடித்திருக்கும் அதே ஜோடியை வைத்துத்தான்: வேர்ல்டுவியூ ஸ்டீரியோ உயரப் பட்டைகள், ஐஸ்சாட்-2 தடம். 2021இல் கட்டுரை வந்தது.

ஆக இங்கே எதிலும் பிழை இல்லை. ரெமா முதல் பதிப்பு மூடி இருந்த காலத்தின் படம், லேசர் மூடி இடிந்த பிறகு விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் நாள் ஓடியிருக்கிறது. பாறை மலைக்கு உயரம் மட்டும் சொன்னால் போதும். பனிக்குத் தேதியில்லாமல் உயரம் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

#11 கறுப்புக்கண்ணாடி

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கோடைமழை சொன்ன 200 மீட்டர் ஊசியும் "உண்மை" என்று யாராவது கட்டுரை எழுதிவிடுவார்களா? எது இடிந்த ஏரி, எது கணினி உளறல் என்று எப்படிப் பிரிப்பது?

#12 இருகண்

சரியான கேள்வி. ஊசிகள் பெரும்பாலும் மேகம். ஒரு நிமிட இடைவெளியில் மேகம் நகர்ந்திருக்கும், மென்பொருள் அதைத் தரை என்று நினைத்துப் பொருத்திவிடும். குறுக்கு ஜோடி என்றால் இன்னும் மோசம். ஒரு படம் இன்றைக்கு, இன்னொன்று சில நாள் கழித்து, நடுவில் பனியே நகர்ந்திருக்கும்.

பிரிப்பதற்கு நான் பார்ப்பது இதை. ஐஸ்சாட்-2 ஜோடிக் கதிர்கள் 90 மீட்டர் இடைவெளியில் போகின்றன. நிஜமான பள்ளம் இரண்டிலும் தெரியும், 91 நாள் கழித்து வரும் அடுத்த சுற்றிலும் தெரியும். ரெமா பக்கம், பட்டைகளை எல்லாம் ஒட்டிச் செய்த மொசைக்கை அப்படியே நம்பாதீர்கள். இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் முதல் தேதி, கடைசித் தேதி, எத்தனை பட்டைகள் சேர்ந்தன, அவை தங்களுக்குள் எவ்வளவு முரண்பட்டன என்று தனித்தனிக் கோப்பே தருகிறார்கள். ஊசி நிற்கும் இடத்தில் பட்டை எண்ணிக்கை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பாருங்கள். பட்டைகளைத் தனித்தனியாக இறக்கினால் ஊசி ஒன்றில் மட்டும் இருக்கும், மற்றதில் இருக்காது.

மூலப் படத்தைத் திறந்து மேகமா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. படங்கள் வணிக நிறுவனத்துடையவை, உயர மாதிரி மட்டும்தான் நமக்கு இலவசம். எனக்கு இதில் எரிச்சல் உண்டு. ஆனால் லேண்ட்சாட்-8, சென்டினல்-2 படங்கள் இலவசம். 11 சதுர கி.மீ. பள்ளம் 10 மீட்டர் பிக்சலில் தாராளமாகத் தெரியும். மேகச் சந்தேகம் வந்தால் 1.6 மைக்ரான் அலைவரிசையைத் திறங்கள். அதில் பனி கறுத்துவிடும், நீர்மேகம் வெளுத்தே நிற்கும்.

#13 ஒஸ்லோக்காரன்

முதல் கேள்வியை எல்லாரும் மறந்திட்டியள். சுற்றுக்குச் சுற்று மேல கீழ போறது வற்றுப்பெருக்கு, தம்பி. மிதக்கிற தட்டு கடலோட ஏறி இறங்கும். ஆமெரியில ஒரு மீட்டர் அளவு, ரோன்–ஃபில்ச்னர் பனித்தட்டுப் பக்கம் போனால் பல மீட்டர். ஏடிஎல்06 உயரத்தில கடல் வற்றுப்பெருக்குத் திருத்தம் போட்டிருக்க மாட்டினம். பக்கத்தில தனி நிரலா அந்த எண் இருக்கும், நீங்கள்தான் கழிக்கோணும். காற்றழுத்தமும் உண்டு, ஒரு மில்லிபார் குறைஞ்சால் கடல் ஒரு செ.மீ. ஏறும். சின்னது எண்டு விடாதையுங்கோ. மிதக்கிற பனிக்கு மேல தெரியிற உயரத்தை வைச்சுத் தடிமன் கணக்குப் பாக்கப் போனால் ஒரு மீட்டர் பிழை ஒன்பது, பத்து மீட்டராப் பெருகும்.

இன்னொண்டு: முகப்புப் பக்கம் ஆமெரி வருசத்துக்கு ஒரு கி.மீ.க்கு மேல நகருது. ரெமாவில ஒரு பிளவு இருந்த இடத்தில லேசர் வரேக்க அந்தப் பிளவு எப்பவோ கடல் பக்கம் போயிருக்கும். அங்க நேர கழிச்சால் ஏத்தமும் இறக்கமும் ஜோடி ஜோடியா வரும்.

#14 புதுவரவு

இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தவன். ஒரு சாதாரணக் கேள்வி. அந்த ஏரி நீர் எல்லாம் கடலுக்குப் போனதால் கடல்மட்டம் ஏறியதா?

#15 மட்டக்கோல்

ஏறத்தாழ இல்லை. மிதக்கிற தட்டின் மேல் இருந்த நீர் அது, அதன் பாரத்தைக் கடல் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருந்தது. கடல்மட்டத்துக்குக் கணக்கு தரையில் உட்கார்ந்திருக்கும் பனி. 36,000 கோடி டன் கடலில் சேர்ந்தால் ஒரு மி.மீ. பழைய ஐஸ்சாட்டையும் புதியதையும் ஒப்பிட்டு 2020இல் வந்த ஆய்வில், 2003 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு கிரீன்லாந்து 20,000 கோடி டன், அண்டார்டிகா 11,800 கோடி டன் இழந்ததாகச் சொன்னார்கள்.

உயரத்தை எடையாக மாற்றுவது தனித் தலைவலி. ஒரு மீட்டர் இறங்கியது கட்டிப்பனி என்றால் சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். இறுகாத மேல்பனி அமுங்கியதால் இறங்கியது என்றால் எடையில் ஒன்றுமே போயிருக்காது. அதனால்தான் ஈர்ப்பை வைத்து நேரடியாக எடை பார்க்கும் கிரேஸ் கோள்களோடும் ஒப்பிடுகிறார்கள்.

#16 கறுப்புக்கண்ணாடி

கடைசியாக ஒன்று. அந்த லேசரே சரியாக அளக்கிறது என்பதை யார் சரிபார்த்தது? துருவத்தில் மட்டக்கோல் பிடிக்கவா முடியும்?

#17 மட்டக்கோல்

என் பெயரைச் சொல்லிவிட்டீர்களே! பிடித்திருக்கிறார்கள். நாசா குழு ஒன்று 2017 டிசம்பரில் தென்துருவ நிலையத்திலிருந்து கிளம்பி, 88 பாகைத் தெற்கு வட்டத்தை ஒட்டி, மொத்தம் 750 கி.மீ. பனிவண்டியில் ஜிபிஎஸ் வைத்து அளந்துகொண்டே போனது. ஐஸ்சாட்-2 தடங்கள் எல்லாம் வந்து நெருங்கிக் குவியும் வட்டம் அது. கோள் ஏவியதோ 2018 செப்டம்பரில். பிறகு லேசரை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டதில் சராசரி விலகல் 3 செ.மீ.க்குள். அதற்கு முந்தைய ஐஸ்சாட்டுக்குப் பொலிவியாவின் உயுனி உப்புப் படுகையில் வண்டி ஓட்டினார்கள்.

#18 கோடைமழை

எல்லோருக்கும் பெரிய நன்றி. பார்த்துவிட்டேன்.

சென்டினல்-2 படத்தில் பள்ளம் அப்பட்டமாகத் தெரிகிறது. விளிம்பு வட்டவட்டமாகப் பிளந்திருக்கிறது, நடுவில் உடைந்த பனிக்கட்டிகள். லேசர் ஜோடியின் இரண்டு கதிர்களிலும் கிண்ணம் ஒரே இடத்தில் விழுகிறது, அடுத்த சுற்றிலும் அப்படியே. வற்றுப்பெருக்கு நிரலைக் கழித்ததும் முதல் சிக்கல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஊசிகளில் பட்டை எண்ணிக்கை ஒன்று, இருகண் சொன்ன மாதிரியே.

வழிகாட்டியிடம் காட்டினேன். 10 மீட்டர் வடிகட்டியை எடுத்துவிடச் சொன்னார். இப்போது அவர் கேட்பது வேறு: 2019 ஜூனுக்கு முந்தைய லேசர் சுற்றில் மூடி தட்டையாக இருந்தது என்று காட்ட முடியுமா? முதல் இரண்டு சுற்றிலும் அந்த இடத்தில் எனக்குப் புள்ளியே கிடைக்கவில்லை.

#19 இருகண்

கிடைக்காது. முதல் இரண்டு சுற்றுகளில் கோளின் குறி சற்றுத் தள்ளி இருந்தது. கதிர்கள் குறித்த தடத்திலிருந்து விலகி விழுந்தன, 2019 ஏப்ரல் வாக்கில்தான் சரிசெய்தார்கள். அதே தடத்தைத் தேடாமல், ஏரி மூடியின் எல்லையை ஒரு பெட்டியாக வரைந்து, அதற்குள் எந்தத் தடத்திலிருந்து விழுந்த புள்ளியையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் அதன் நேர் கீழே இருக்கும் ரெமா பட்டையோடு கழியுங்கள், மொசைக்கோடு அல்ல. பட்டையின் கோப்புப் பெயரிலேயே படம் எடுத்த தேதி இருக்கும். வரைபடத்தின் கீழே அந்தத் தேதியையும் போட்டுவிடுங்கள்.